இருநூற்றுப் பதினேழாம் தாள்

இருபத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. மூன்றாவது மாடியில் இருக்கும் தையற்காரம்மா மட்டும் "டாக்டரம்மா" என்பாள். அதைக் கேட்டுவிட்டு ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் தன் முழங்காலைக் காட்ட வந்துவிட்டார். "நான் ஊசி போடுற டாக்டர் இல்லைங்க, ஆராய்ச்சி பண்றேன்" என்றாள் பாப்பா. "அதனால என்னம்மா, இதையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணு" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

அவள் செய்வது வேலையா படிப்பா என்பது யாருக்கும் பிடிபடவில்லை. மாதம் பிறந்தால் பணம் வருகிறது, ஆகவே வேலை. வருடம் முடிந்தால் ஒரு குழு கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறது, ஆகவே படிப்பு. "ரெண்டுங்கெட்டான்" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்துவைத்தான். அரசாங்கம் அதற்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் வைத்திருந்தது. போதைப் பழக்கத்தையும் மனநோயையும் ஆராய நாளைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளை இன்றைக்கே பணம் கொடுத்துப் பழக்க வேண்டும் என்று ஒரு திட்டம். எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வருடம் உதவித்தொகை, அதற்குப் பதிலாக அடுத்த மூன்று வருடம் அவர்கள் காட்டும் இடத்தில் ஆராய்ச்சி. நடுவில் கழன்றுகொள்ள முடியாது. அதற்கு வீட்டில் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன்தான் போட்டான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. கிரீஸ் படிந்த கட்டைவிரல் தாளில் பட்டுவிடாமல் பேனாவை நுனியில் பிடித்துக்கொண்டு, "எங்க போடணும்? இங்கயா? ஓடிப்போயிட்டியானா என்னைப் பிடிச்சு உள்ள வச்சிடுவாங்களா?" என்று கேட்டான்.

"வச்சிடுவாங்க."

"நல்லது. உள்ள மூணு வேளையும் சோறு. உங்க அண்ணி சமையல்லேர்ந்து விடுதலை."

அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அதுதான் அண்ணியின் பதில்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோகும் லிஃப்ட்களிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவன் தொழில். மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுவான். "பயப்படாதீங்க, கீழ விழாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கதவைத் தள்ளாதீங்க." லிஃப்ட் நின்றதால் செத்தவர்களைவிட, தானே கதவைத் திறந்து ஏறிக் குதிக்கப் பார்த்துச் செத்தவர்கள்தான் அதிகம் என்பான். அந்தக் கதைகளைச் சாப்பாட்டு மேசையில் சொல்வான். எதிரில் உட்கார்ந்து பாப்பா கேட்பாள்.

அவன் குடித்துக்கொண்டிருந்தவன். பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தலையில் கைவைத்து, "விட்டுட்டேன்" என்றான். அண்ணி அழுதாள். அன்று முதல் சாப்பாட்டு மேசையில் பாப்பா அவனுக்கு எதிர் நாற்காலிக்கு மாறினாள். அங்கிருந்து பார்த்தால்தான் அவன் கை, கண், தண்ணீர் டம்ளரைப் பிடிக்கும் விதம் எல்லாம் தெரியும். அதற்குத்தானே அரசாங்கம் தன்னைப் பழக்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

*

ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு நாற்காலி கிடையாது. விடுப்பில் போனவர் நாற்காலி எதுவோ அது. முதல் மாதமே ஒரு நாற்காலியும் அடையாள அட்டையும் கேட்டு மனுக் கொடுத்தாள். நிர்வாகப் பிரிவின் மூத்த எழுத்தர் அதை வாங்கிப் படித்தார். வாயைத் திறந்தால் விதி எண் சொல்வதால் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் விதியண்ணன்.

"நீங்க ஊழியர் இல்லையேம்மா."

"அப்ப மாணவியா சார்?"

"மாணவியும் இல்லை. உதவித்தொகை பெறுநர். பெறுநருக்கு நாற்காலி பற்றி விதியில ஒண்ணும் சொல்லலை."

"நின்னுக்கிட்டே பெறணுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் முத்திரை குத்திய பதில் வந்தது: மனுதாரர் இந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. உடன் பயிற்சி பெறும் நெட்டை அதைப் பார்த்துவிட்டு, "சட்டம் போட்டு மாட்டிக்கோ. நாளைக்கு உதவும்" என்றான். அவன் உயரத்துக்கு எந்த நாற்காலியும் சரிப்படாது என்பதால் மனுவே கொடுக்கவில்லை.

அவள் வேலை தாள்களோடு. ஊரிலிருக்கும் ஐந்து புறநோயாளர் மையங்களில் குடியை விடவைக்கும் ஒரு புது மாத்திரையையும் வாராந்தர ஆலோசனையையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களிடம் பேட்டி எடுப்பார்கள். "பொதுவா எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் "ரெண்டு" என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்பதில்லை. தொண்ணூறு கட்டம் போட்ட ஒரு தாளை முன்னால் வைத்து, போன தொண்ணூறு நாளில் என்னென்ன நடந்தது என்று கேட்பார்கள். மழை கொட்டிய நாள், மகளுக்குக் காய்ச்சல் வந்த நாள், முதலாளி திட்டிய நாள். அப்படி ஒவ்வொரு நாளையும் ஒரு நினைவில் மாட்டுவார்கள். அதற்குப் பெயர் கொக்கி. கொக்கி விழுந்துவிட்டால் அன்று எத்தனை கிளாஸ் என்பது தானாக வெளியே வரும். பேட்டி எடுத்தவர் நீல மையில் கூட்டி எழுதுவார். பெயர் இருக்காது, எண்தான். ஐந்தில் ஒரு தாள் பாப்பாவிடம் வரும். அவள் கட்டம் கட்டமாகப் படித்துப் பச்சை மையில் தனியாகக் கூட்டுவாள். இரண்டு கூட்டலும் பத்துக்குமேல் வித்தியாசப்பட்டால் மட்டும் பேட்டியின் ஒலிப்பதிவைத் திறந்து கேட்கலாம். அவ்வளவுதான் அவளுக்கு இருந்த அதிகாரம்.

இதற்கிடையில் அவளுக்கென்று ஒரு ஆராய்ச்சியும் இருந்தது. குடித்த நாளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். பூஜ்யம் போட்ட கட்டங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று என்ன நடந்து அவன் தப்பித்தான்? இரண்டு வருடமாக அவள் அதைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தாள். "குழாய்ல தண்ணி வந்துச்சு, விடிய விடிய பிடிச்சேன்." "செருப்பு அறுந்துபோச்சு, வெளிய போகலை." "பொண்ணு மடியில தூங்கிடுச்சு, எழுந்திருக்க மனசு வரலை." இப்படி நானூற்றுச் சொச்சம் பூஜ்யங்கள். வருட முடிவுக் குழுவுக்கு முன்னால் அவள் வைக்கப்போவது அதைத்தான்.

திங்கட்கிழமை காலைகளில் பெட்டி வரும். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது இருநூற்றுப் பதினேழாம் தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருக்கும் மையத்திலிருந்து வந்தது. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆனவர். முதல் பக்கத்தில் வழக்கமான கேள்விகள். நிறுவன ஊழியர்களில் உறவினர் உண்டா? இல்லை.

ஏழாவது கட்டத்தில் கொக்கி: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெடித்த நாள். எங்கள் வீட்டிலும் வெடித்ததே என்று நினைத்துக்கொண்டு நான்கு என்று எழுதினாள். பதினெட்டாவதில்: மகளுக்கு முன்பல் விழுந்த நாள். குழந்தை என்றால் பல் விழத்தான் செய்யும். ஐந்து. இருபத்தாறாவதில்: எட்டாவது மாடியில் ஒரு டீச்சர் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வாய்ப்பாடு சொன்ன நாள்.

பேனா நின்றுவிட்டது. பதினாறாம் வாய்ப்பாடு. பயத்தை அடக்க அந்த டீச்சர் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாள், பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டில் கதவு திறந்தது என்று அண்ணன் மேசையைத் தட்டிச் சொன்னதும், அண்ணி சிரித்ததும், மகள் "அப்புறம் பதினாறு எட்டு?" என்று கேட்டதும் அவள் காதிலேயே இருந்தன. முப்பத்தொன்றாவது கட்டம்: தங்கச்சிக்கு மூணாவது வருசமும் உண்டுன்னு தெரிஞ்ச நாள். ஆறு.

அந்தச் சனிக்கிழமை அவன் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்திருந்தான்.

தாளைக் கவிழ்த்துவிடக் கை போயிற்று. ஆனாலும் கண் நிற்கவில்லை. ஐம்பதுக்குப் பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின. மூன்று, மூன்று, இரண்டு, பூஜ்யம். எழுபதுக்குப் பிறகு இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். கடைசி எட்டுக் கட்டமும் பூஜ்யம். பதினான்கு மாதத்துக்கு முன்பே விட்டுவிட்டதாகச் சொன்னவன் இப்போதுதான் விட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டினாள். நீல மைக்கும் அவளுடையதற்கும் பதினொன்று வித்தியாசம். அவசரத்தில் எங்கோ ஒரு வரிசையை இரண்டு தடவை கூட்டிவிட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. மறுபடி கூட்டினால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. அவள் மறுபடி கூட்டவில்லை. பதினொன்று பத்தைவிட அதிகம் அல்லவா? ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று பேட்டி எடுக்கும் அம்மாவின் குரல்.

"விட்டுட்டேன்னு தெரியும் மேடம்."

"அப்படி இருக்குறது கஷ்டமா இல்லையா?"

"அதான் மேடம் கஷ்டமே. விட்டவன் எப்படி மேடம் மறுபடி விடுறது?" என்று சொல்லி அண்ணன் சிரித்தான். வீட்டில் கேட்டே பல வருடம் ஆன சிரிப்பு, மூக்கால் தொடங்கி வயிற்றில் முடிவது. "விட்டவனுக்குக் கை நடுங்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, எரிஞ்சு விழக் கூடாது. எல்லாத்தையும் சிரிச்ச மூஞ்சியோட மறைக்கணும். அதுக்கே நாலு வேணும்."

"தங்கச்சின்னு சொன்னீங்களே?"

"அது நல்ல பொண்ணு மேடம். என்னமோ பெரிய படிப்பு படிக்குது. சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து என் கையையே பாக்கும். திட்டாது, ஒண்ணும் கேக்காது. பாக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை பாத்தா பத்து மார்க் போச்சுன்னு இருக்கும் மேடம். நான் இந்த ஆத்தைத் தாண்டி வர்றதே அதுக்குத்தான். இங்க நீங்க பேப்பரைப் பாக்குறீங்க. என்னைப் பாக்கலை."

பதினேழு நிமிடம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றியபோது காது சுட்டது.

*

நிறுவன ஊழியரின் நெருங்கிய உறவினர் இந்த ஆய்வில் சேரக் கூடாது. சேர்ந்தது பின்னால் தெரிந்தாலும் எடுத்துவிட வேண்டும். விதி அப்படி. மாத்திரை வெளியே கிடைக்காது. வியாழக்கிழமை ஆலோசனையும் ஆய்வில் இருப்பவர்களுக்குத்தான். அண்ணன் பொய் சொல்லவில்லை, தங்கச்சி படிக்கிறாள் என்றுதான் நினைக்கிறான். அவள் வாயைத் திறந்தால் அவன் வெளியே. திறக்காவிட்டால், வருட முடிவுக் குழுவுக்கான உறுதிமொழியில் "ஆய்வில் பங்கேற்போர் எவரையும் நான் அறியேன்" என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் உதவித்தொகை போய்விடும், ஜாமீன்காரன் அண்ணன். எப்படித் திரும்பினாலும் அடி அவன் முதுகில்தான் விழும் போலிருந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன்" என்று நெட்டையிடம் டீ குடிக்கும்போது தொடங்கினாள்.

"சும்மா பேச்சுக்குக் கேக்குறவங்க டீயை ஆறவிட மாட்டாங்க" என்றான் அவன். "கேளு."

"சொந்தக்காரங்க யாராவது தெரியாம சேர்ந்துட்டா?"

"போன வருஷம் வாட்ச்மேனோட மச்சான் சேர்ந்தாரே. ஒரே நாள்ல எடுத்துட்டாங்க. அவர் நேரா எங்க போனாருன்னு உனக்குச் சொல்லணுமா?" கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தான். "யாருன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லலை. சரியா?"

வீட்டிலும் மூச்சுவிட இடமில்லை. அண்ணி சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு சட்டையை முகர்ந்தால் அதைப் போட்டவன் எங்கே போனான், என்ன தின்றான் என்று சொல்லிவிடுவாள். புதன்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டிருந்த பாப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை சர்வீஸ் கால்னு போறாரே உங்க அண்ணன்."

"ஆமா."

"வியாழக்கிழமை சட்டையில கிரீஸ் வாசனையே இல்ல பாப்பா. மூணு மாசமா இல்ல. லிஃப்ட்டை ரிப்பேர் பண்றவர் மேல என்ன, ரோஜாப்பூ வாசனையா வரும்?"

"கையுறை போட்டுக்கிறாரோ என்னவோ."

"கையுறை கையிலதானே போடுவாங்க? சட்டைக்கும் போடுவாங்களா?" அண்ணி ஒரு துண்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டாரா? இல்ல வேற எவளாவதா? நீ கேட்டா சொல்வாரு. நீதான் அதையெல்லாம் படிச்சவ."

"நான் எப்படிக் கேக்குறது அண்ணி?"

"வாயாலதான். இல்லைன்னா அடுத்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டுப் பின்னாடியே போவேன். எவ கதவைத் தட்டுறாருன்னு பாத்துட்டு அங்கயே வச்சுக் கிழிச்சிடுறேன்."

ஆற்றைத் தாண்டி, மையத்தின் வாசலில், நம்பர் கூப்பிடக் காத்திருக்கும் பெஞ்சுக்கு முன்னால் அண்ணி நின்று கத்துவது பாப்பாவின் கண்ணில் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணியின் வயிற்றில் எரிவது அடங்கிவிடும். அந்த ஒரு வார்த்தை அவளுடையது அல்ல. பதினேழு நிமிடம் திருடிக் கேட்டது. திருட்டுச் சாமானை எடுத்து வீட்டிலேயே எப்படிக் கொடுப்பது?

அன்று மேசையில் அவள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். தலையை நிமிர்த்தினால் எதிரில் அவன் கை. அது நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்று கவனித்ததற்கே அவளுக்குக் கூசியது.

"என்ன டாக்டரம்மா, தட்டுல ஆராய்ச்சியா?" என்றான் அண்ணன்.

"பசியில்ல."

"குடிகாரங்க கதையாக் கேட்டுக் கேட்டு உனக்குப் போதை ஏறிடுச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும். ஆனால் அது மூக்கால் தொடங்கும் சிரிப்பு அல்ல, பற்களோடு நின்றுவிடும் வீட்டுச் சிரிப்பு. இரண்டையும் கேட்டுவிட்டவளுக்கு இனி ஒன்று மட்டும் எப்படிக் கேட்கும்?

*

அடுத்த புதன்கிழமை உறுதிமொழித் தாளைக் கொடுக்கக் கடைசி நாள். ஒன்பது நாளாக அதைப் பையிலேயே வைத்துச் சுமந்ததில் மடிப்பு கிழியும் நிலைக்கு வந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்க விதியண்ணனிடம் போனாள்.

"ஒரு உறுதிமொழிக்கு ரெண்டு தாளா?" என்று முனகிக்கொண்டே அவர் அலமாரியைத் திறந்தார்.

"சார், ஒரு சந்தேகம். நம்ம விதியில ஊழியர்னா யாரு?"

விதியைப் பற்றி அவரிடம் யாரும் ஆசையாகக் கேட்டதில்லை போலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "வருகைப் பதிவேட்டுல பேர் இருக்கிறவங்க. காவலாளிலேர்ந்து இயக்குநர் வரைக்கும்."

"அப்ப நான்?"

"நீங்க ஏம்மா? நாற்காலி மனுவுக்கே தெளிவாப் பதில் போட்டிருக்கேனே." கோப்பிலிருந்து அதை உருவிக் காட்டினார். அல்லர் என்ற சொல்லுக்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டிருந்தார். "வேணும்னா ஒரு நகல் எடுத்துக்குங்க. நகலுக்கு மனு வேண்டாம்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கடிதம் அவளைக் கழிவறையில் போய் அழவைத்தது. இப்போது அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் நம்பவில்லை. ஆனால் அண்ணனைப் பிடித்திருந்த கயிறு எங்கே அவிழும் என்று தெரிந்துவிட்டது. மீதி முடிச்சுகள் அவள் கழுத்தில். நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். அந்தப் பேராசிரியைதான் இந்த ஆய்வுக்கும் அவளுக்கும் பொறுப்பு.

பாப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு மேடம் கடிதத்தைப் படித்தார். தாளை வரவழைத்துப் பார்த்தார். கட்டம் கட்டமாக விரல் வைத்துக் கூட்டினார்.

"விதிப்படி உங்க அண்ணனை எடுக்க வேண்டியதில்லை. குழுவுக்கு நான் எழுதுறேன். அவர் இருப்பார்." பாப்பாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் மேடத்தின் விரல் தாளின் அடியில் பச்சை மையில் நின்றது. "இங்க பதினொண்ணு வித்தியாசம். திரும்பக் கூட்டினியா?"

"இல்ல மேடம்."

"நான் இப்போ கூட்டிப் பாத்தேன். வித்தியாசமே இல்லை."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுதான் கேட்டியா?"

பாப்பா தலையாட்டினாள்.

"எவ்வளவு நேரம்?"

"பதினேழு நிமிஷம்."

"முழுசும்." மேடம் தாளைக் கவிழ்த்து வைத்தார். "யாருன்னு தெரிஞ்ச நிமிஷம் பேனாவை வச்சிருக்கணும். அது உனக்குத் தெரியாம இல்லை. இது பதிவாகும். இந்தத் தாள்கள் எதையும் இனிமே நீ தொடக் கூடாது. உன் பூஜ்யங்களும் இந்தத் தாள்கள்லேர்ந்துதான். அதுவும் கிடையாது."

"ரெண்டு வருஷம் மேடம்."

"ரெண்டு வருஷந்தான். தூக்கமின்மை ஆய்வுல ஓர் இடம் இருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பி. பயிற்சி ஒரு வருஷம் நீளும், கட்டுப்பாடும் அதே அளவு நீளும். அதுக்கு மறுபடி ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இதெல்லாம் சின்ன விஷயம். பெரிசு என்னன்னா, வீட்டுல உனக்குத் தெரியும்னு காட்டக் கூடாது. சொல்லி மட்டுமில்லை. கண்ணால கூட. அவர் தானா சொல்ற நாள் வரைக்கும். சொல்லாமலே போனாலும்."

கதவருகே போனதும் மேடம் கூப்பிட்டார். "ஒன்பது நாள் எப்படிம்மா இருந்தே?"

நின்ற லிஃப்ட்டில் இருப்பதுபோல என்று வாய்வரை வந்தது. "இருந்தேன் மேடம்" என்றாள்.

*

மறுநாள் வியாழக்கிழமை. பாப்பா வீட்டுக்கு வந்தபோது அண்ணி வெளியே போகும் சேலையில், தோளில் பையோடு, கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கிளம்பி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் அவன் முதுகு தெரியும்.

"கேட்டியா?" என்றாள் அண்ணி.

"இல்ல."

"அப்ப வழிய விடு."

பாப்பா வாசலை மறித்து நின்றாள். ஏன் நின்றாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "போகாதீங்க அண்ணி."

"ஏன்? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவ எதுக்கு வழியை மறிக்கிறே?" அண்ணியின் குரல் உடைந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்களா?"

பாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "லிஃப்ட் நின்னுட்டா கதவைத் தள்ளக் கூடாதுன்னு அண்ணா சொல்வாருல்ல அண்ணி" என்றாள்.

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். சட்டையை முகர்ந்து பார்ப்பதுபோல அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். பாப்பா கண்ணைத் தரையில் போட்டாள். தெருவில் பஸ் வந்து நின்று, ஏற்றிக்கொண்டு, போயிற்று.

"அப்ப," என்று மெதுவாகக் கேட்டாள் அண்ணி, "வெளியிலேர்ந்து கதவைத் திறக்க ஆள் யாராவது வந்திருக்காங்களா? அதையாவது சொல்லு."

பாப்பா கதவு நிலையை விடவில்லை. அண்ணி குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு மற்றதை.

இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்துவிட்டான். சட்டை சுத்தமாக இருந்தது. அண்ணி அதை வாங்கினாள், முகராமல் கூடையில் போட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைப் பாதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரு கையெழுத்து வேணும்" என்றாள் பாப்பா. "ஒரு வருஷம் நீட்டிட்டாங்க. ஆராய்ச்சியும் மாத்திட்டாங்க. இனிமே தூக்கம் வராதவங்களைப் பத்தி."

"குடிகாரங்க என்ன பாவம் பண்ணாங்க, கைவிட்டுட்ட?"

"நான் அதுக்கு லாயக்கில்லைன்னு சொல்லிட்டாங்க."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தவன் அப்படியே வைத்துக்கொண்டு, "யார் சொன்னது? எவ்வளவு உழைச்சே அதுக்கு" என்றான். குரலில் நிஜமான கோபம் இருந்தது. தாளைத் திருப்பி, எங்கே போடுவது என்றுகூடக் கேட்காமல், சரியான இடத்தில் போட்டான். கை நேராக ஓடியது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

அண்ணி தட்டுகளை வைத்தாள். பாப்பாவுடையதை வழக்கம்போல எதிரில் வைத்தாள். பாப்பா அதை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவனுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்தாள்.

"அத்தை, அது என் இடம்" என்றாள் மகள்.

"நீ அங்க போய் உக்காரு. அங்க காத்து நல்லா வருது."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவர்தான் தெரிகிறது. அதில் போன வருட நாள்காட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பாப்பா அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவன் முழங்கை இரண்டு தடவை அவள் முழங்கையில் இடித்தது.

"என்னடி, இடமே இல்ல இங்க" என்றான்.

"இருக்கட்டும்" என்றாள் அவள்.